அருந்ததியும் ஆறு சூரியன்களும்

முகூர்த்தம் ஏழரைக்கு ஒன்பது. தாலி கட்டியாயிற்று, அம்மி மிதித்தாயிற்று. புரோகிதர் மணமக்களை மண்டபத்து வாசலுக்கு அழைத்துவந்து, வெயில் ஏறத் தொடங்கிவிட்ட வானத்தில் ஏதோ ஒரு திசையைக் காட்டுகிறார். "அருந்ததி தெரிகிறதா?" பெண் தலையசைக்கிறாள். மாப்பிள்ளையும் தலையசைக்கிறார். வீடியோகாரர் அதைப் பதிவு செய்துகொள்கிறார். சூரியன் இருக்கும்போது அருந்ததி தெரியாது என்பது அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சில சம்பிரதாயங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லும் மரியாதையான பொய்கள்.

அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சமீப ஆண்டுகளில் இதன்மேல் இன்னொரு கதை ஏற்றப்பட்டிருக்கிறது. செல்பேசிக்குச் செல்பேசி தாவும் அந்தத் தகவல் இப்படிப் போகிறது: மற்ற இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று நிற்க மற்றொன்று அதைச் சுற்றும், வசிஷ்டரும் அருந்ததியும் மட்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன, இதை நம் முன்னோர்கள் தொலைநோக்கி இல்லாமலேயே அறிந்திருந்தார்கள், அதனால்தான் தம்பதிக்கு உதாரணமாக அவற்றைக் காட்டினார்கள். கேட்க இனிமையான கதைதான். சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது என்பது அதைவிட இனிமையான விஷயம். ஒரு சின்னத் தொலைநோக்கியும் ஒரு மொட்டை மாடியும் போதும்.

ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் தெரியும். நான்கு நட்சத்திரங்கள் சதுரம்போல, மூன்று வால்போல. வாலின் நடு நட்சத்திரம்தான் வசிஷ்டர். வானியல் அட்டவணைகளில் அதன் பெயர் மிசார். அதை ஒட்டி மங்கலாக ஒன்று: அருந்ததி, அட்டவணையில் ஆல்கர். சங்கப் பாடல்களில் இது வடமீன். அரேபியர்கள் இதை 'சுஹா' என்றார்கள். கவனிப்பாரற்றது என்று பொருள். அவர்களுக்கு அது கண்பார்வைக்கான பரீட்சை. இரண்டுக்கும் இடையிலான கோணம் சுமார் 12 கலை. முழுநிலவின் அகலத்தில் பாதிகூட இல்லை. நல்ல இருட்டும் சுமாரான கண்ணும் இருந்தால் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஆக, அருந்ததியைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை. தொலைநோக்கி வேறொரு வேலையைச் செய்கிறது. 60 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள எளிய கருவியை, 50 மடங்கு உருப்பெருக்கத்தில், வசிஷ்டரை நோக்கித் திருப்பினால் வசிஷ்டரே இரண்டாகிறார். பிரகாசமான வெண்புள்ளி ஒன்று. அதன் விலாவை ஒட்டி, சற்றே மங்கலாக இன்னொன்று. முதன்முறையாகப் பார்ப்பவர்கள் கண்ணை எடுத்து, வெறும் கண்ணால் ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, மறுபடி குனிவது வழக்கம். கருவியில் கோளாறோ என்ற சந்தேகம் நியாயமானதே. பக்கத்தில் அருந்ததி ஒற்றையாகவே தெரிகிறது என்பதுதான் அந்தச் சந்தேகத்துக்குப் பதில். கருவி இரண்டாகக் காட்டினால் எல்லாவற்றையும் அல்லவா இரண்டாகக் காட்ட வேண்டும்?

இந்தப் புதிய ஜோடிக்கு இடையிலுள்ள கோணம் சுமார் 14 விகலை. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை. இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை ஆறு மீட்டர் தள்ளி வைத்தால் அது வசிஷ்டர்-அருந்ததி இடைவெளியை மறைக்கும். அதே நாணயத்தை 300 மீட்டர் தள்ளி, தெருக்கோடியில் வைத்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அதுதான் 14 விகலை. கண்ணுக்கு எட்டாத இந்த இடைவெளியை 60 மில்லிமீட்டர் லென்ஸ் அலட்சியமாகப் பிரிக்கிறது. சாதகமான நிலையில் அதனால் இரண்டு விகலை வரை பிரிக்க முடியும்.

சாதகமான நிலை என்பது பெரும்பாலும் காற்றைப் பொறுத்தது. உச்சி வெயிலில் தார்ச்சாலையின் மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்போம். இரவிலும் காற்று நெளிகிறது, நமக்குத் தெரிவதில்லை. நட்சத்திரம் கண்சிமிட்டுவது அதனால்தான். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மாடி நள்ளிரவு வரை சூட்டை உமிழ்கிறது. அதன்மேல் வைத்த கருவியில் நட்சத்திரம் கொதிக்கும் நீருக்கடியில் கிடக்கும் கல்போல ஆடும். அனுபவசாலிகள் கருவியை முன்கூட்டியே வெளியே வைத்து ஆறவிடுகிறார்கள். பிறகு காத்திருக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் ஒன்றிரண்டு நொடி காற்று அசையாமல் நிற்கும். ஊசி முனைபோல இரண்டு புள்ளிகள், நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. அந்த நொடிக்காகத்தான் அத்தனை நேரமும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருப்பது.

மிசாரை முதலில் இப்படிப் பார்த்தவர்கள் இத்தாலியர்கள். கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி அது இரட்டை என்று கண்டு குருவுக்குச் சொன்னார். 1617 ஜனவரியில் கலிலியோ பார்த்துவிட்டு, இடைவெளி 15 விகலை என்று குறிப்பேட்டில் எழுதினார். அந்தக் காலத்துக் கருவியை நினைத்தால் அசாத்தியமான கணக்கு. அவருக்கு இதில் ஒரு சுயநலமும் இருந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்குச் சாட்சி வேண்டும். அருகருகே தெரியும் இரண்டு நட்சத்திரங்களில் மங்கலானது மிகத் தொலைவில் இருந்தால், பூமி நகர நகர, பக்கத்தில் இருப்பது தொலைவில் இருப்பதற்கு எதிராக இடம் மாறித் தெரிய வேண்டும். ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் அருகிலுள்ள மரம் தூரத்து மலைக்கு எதிராக நகர்வதுபோல. மிசார் இந்தச் சாட்சியைச் சொல்லக்கூடியது அல்ல. அதன் இரண்டு புள்ளிகளும் ஒரே தொலைவில், சுமார் 80 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கின்றன. மரமும் மலையும் இல்லை. இரண்டும் ஒரே தோப்பு மரங்கள்.

இது புரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1767இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு கணக்குப் போட்டார். வானத்தில் நட்சத்திரங்கள் கைபோன போக்கில் இறைக்கப்பட்டிருந்தால், இத்தனை நட்சத்திரங்கள் இவ்வளவு நெருக்கமாக ஜோடி சேர்ந்திருப்பது நடக்காத காரியம். எனவே பெரும்பாலான ஜோடிகள் ஈர்ப்பால் கட்டுண்டவையாகத்தான் இருக்க வேண்டும். இசைக்கலைஞராக இருந்து வானியலாளரான வில்லியம் ஹெர்ஷெல் 1779இல் கலிலியோவின் பழைய யோசனையை எடுத்துக்கொண்டு ஜோடிகளைத் தேடத் தொடங்கினார். 1782இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 269 ஜோடிகள். இருபது வருடம் கழித்து அவற்றைத் திரும்ப அளந்தபோது சில ஜோடிகள் இடம் மாறியிருந்தன. பூமியின் ஓட்டத்தால் வந்த மாற்றம் அல்ல அது. அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. தொலைவை அளக்கக் கிணறு வெட்டியவருக்குப் பூதத்துக்குப் பதிலாகப் புதையல் கிடைத்தது. 1803இல் அதை உலகுக்குச் சொன்னார். 1827இல் பிரெஞ்சுக்காரரான பெலிக்ஸ் சாவாரி, பெருங்கரடி மண்டலத்தின் பின்னங்காலில் உள்ள ஒரு ஜோடிக்கு முதன்முதலாகச் சுற்றுப்பாதை கணக்கிட்டார். சுற்று முடிக்க 60 ஆண்டு. நியூட்டனின் விதி சூரியக் குடும்பத்துக்கு வெளியிலும் செல்லுபடியாகும் என்பதற்கு அதுவே ரசீது.

இப்போது செல்பேசிக் கதைக்கு வருவோம். 'ஒன்று நிற்க மற்றொன்று சுற்றும்' என்ற இரட்டை நட்சத்திரம் பிரபஞ்சத்தில் எங்குமே கிடையாது. ஈர்ப்பால் கட்டுண்ட எந்த ஜோடியிலும் இரண்டுமே நகர்கின்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள பொது மையத்தைச் சுற்றுகின்றன. கனமானது சின்ன வட்டம், லேசானது பெரிய வட்டம். வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இதில் தனிச் சலுகை ஒன்றுமில்லை. உண்மையில், அவை கட்டுண்டவையா என்ற கேள்வியே வானியலாளர்களை நீண்ட காலம் குழப்பியது. ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரே கூட்டத்தோடு அவை பயணம் செய்கின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு ஒளியாண்டு அளவுக்கு இடைவெளி இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. கட்டுண்டவையாகவே இருந்தாலும், ஒரு சுற்று முடியக் குறைந்தது பல லட்சம் ஆண்டுகள் ஆகும். தொலைநோக்கி வந்து 400 ஆண்டு ஆகியும் அருந்ததி வசிஷ்டரைச் சுற்றுவதை யாரும் அளந்து காட்டியதில்லை. வெறும் கண்ணால் ஒருவர் அதை அறிந்திருக்க வழியே கிடையாது.

அப்படியென்றால் முன்னோர்கள் ஏமாந்தவர்களா? இல்லை. அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிப்பவர்கள்தான் அவர்களைச் சிறுமைப்படுத்துகிறார்கள். அவர்கள் விட்டுச் சென்றது வேறொன்று. சம்ஸ்கிருதத் தர்க்க நூல்களில் 'அருந்ததி நியாயம்' என்று ஒரு வழக்கு உண்டு. அருந்ததியைக் காட்ட வேண்டுமானால், முதலில் பக்கத்திலுள்ள பெரிய நட்சத்திரத்தைக் காட்டி 'அதுதான் அருந்ததி' என்று சொல்ல வேண்டும். பார்வை அங்கே நிலைத்ததும் 'அதுவல்ல, அதன் அருகில் இருப்பது' என்று நகர்த்த வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இன்றும் மங்கலான நட்சத்திரத்தைத் தேட இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். பெருமைப்பட இது போதும். பொய்யான பெருமை எதற்கு?

வசிஷ்டரின் கதை இரண்டோடு முடியவும் இல்லை. 1889இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் எட்வர்ட் பிக்கரிங், மிசாரின் பிரகாசமான புள்ளியின் நிறமாலையில் ஒரு விநோதத்தைக் கண்டார். கோடுகள் சில நாள் இரண்டாகப் பிரிந்தன, பிறகு ஒன்று சேர்ந்தன. ஒன்று நம்மை நோக்கி வர, மற்றொன்று விலகிப் போக, இருபது நாட்களுக்கு ஒருமுறை சுற்றும் இரண்டு சூரியன்கள் அங்கே இருப்பது தெரிந்தது. சாதாரணத் தொலைநோக்கி எதற்கும் பிரிபடாத நெருக்கம். பின்னர் இரண்டாவது புள்ளியும் அப்படியே ஒரு ஜோடி என்று தெரியவந்தது. 2009இல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான சிவப்புத் துணை இருப்பதை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. ஆக மொத்தம் ஆறு சூரியன்கள்.

அதே பார்வை வட்டத்தில், வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் அருகே, எட்டாம் ஒளித்தரத்தில் இன்னொரு மங்கலான புள்ளி தெரியும். 1722இல் ஜெர்மானியப் பேராசிரியர் லீப்க்னெஷ்ட் அதைப் பார்த்துவிட்டு, நகர்கிறது, புதிய கோள் என்று அறிவித்து, தன் அரசர் லுட்விக்கின் பெயரைச் சூட்டினார். அது கோள் அல்ல, நகரவும் இல்லை. மற்றவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வெகுதொலைவில் பின்னால் நிற்கும் தனி நட்சத்திரம். கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் ஓரமாக வந்து நிற்கும், யார் வீட்டாரென்று ஒருவருக்கும் தெரியாத விருந்தாளிபோல. ஒரே வட்டத்துக்குள் மூன்று வகை உறவு: உறுதியாகக் கட்டுண்டவை, கட்டுண்டிருக்கக்கூடியவை, அருகில் தெரிவதைத் தவிர எந்த உறவும் இல்லாதவை. பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்ல முடியாது. வருடக்கணக்கில் அளந்தால்தான் தெரியும்.

அப்படி அளந்த கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. மே, ஜூன் இரவுகளில் வடக்கே மிசார் உயர்ந்திருக்கும் நேரத்தில், தெற்கே தொடுவானத்துக்குச் சற்று மேலே ஆல்பா சென்டாரி தெரியும். கன்னியாகுமரியில் 20 பாகை உயரம் வரை எழும், மும்பையில் பத்து, டெல்லியில் தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். சூரியனுக்கு மிக நெருங்கிய நட்சத்திரக் குடும்பம் இது. இரண்டு பெரிய சூரியன்கள் 4.37 ஒளியாண்டில், 1915இல் கண்டறியப்பட்ட புராக்சிமா என்ற குட்டி சற்று அருகில். இது இரட்டை என்று கண்டுபிடிக்கப்பட்டது புதுச்சேரியில். சயாமில் 1688இல் ஏற்பட்ட புரட்சியால் அங்கிருந்து வெளியேறி வந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், 1689 டிசம்பரில் விடியலுக்கு முன் ஒரு வால்நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். வழியில் இருந்த பிரகாசமான நட்சத்திரம் தொலைநோக்கியில் இரண்டாகத் தெரிந்தது. அதையும் எழுதிவைத்தார்.

அந்த ஜோடி 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. இங்கேதான் இரட்டை நட்சத்திரத்தின் உண்மையான பயன் புலப்படுகிறது. தனி நட்சத்திரத்தைத் தராசில் நிறுத்த முடியாது. ஜோடியை முடியும். கெப்ளரின் விதி எளிமையானது: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒன்று என்று கொண்டு, இரண்டுக்கும் இடையிலான சராசரித் தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், இரண்டின் மொத்த நிறை சூரியக் கணக்கில் கிடைத்துவிடும். ஆல்பா சென்டாரிக்குத் தூரம் 23.3, கனம் ஏறக்குறைய 12,650. காலம் 79.8, வர்க்கம் ஏறக்குறைய 6,370. வகுத்தால் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு சூரியன். பள்ளிக்கூட மாணவர் கணக்கு நோட்டில் போட்டுவிடலாம். வானியல் புத்தகங்களில் நட்சத்திரங்களின் எடை பற்றிக் காணும் எண்களுக்கெல்லாம் அஸ்திவாரம் இதுதான்.

சிரியசின் கதையும் இந்தத் தராசில் பிறந்தது. அது லேசாகத் தள்ளாடி நகர்வதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத துணை இருக்க வேண்டும் என்று 1844இல் பெஸ்ஸல் சொன்னார். 1862இல் ஆல்வன் கிளார்க் என்ற அமெரிக்கர் புதிய லென்ஸைச் சோதிக்கும்போது அது அகப்பட்டது. எடை சூரியன் அளவு, பருமன் பூமி அளவு. இப்படிப்பட்ட வெண்குள்ளன்கள் எவ்வளவு எடைவரை தாங்கும் என்ற கணக்கைத்தான் 1930இல், பம்பாயிலிருந்து இங்கிலாந்து போகும் கப்பலில், 19 வயது சந்திரசேகர் போடத் தொடங்கினார்.

அளப்பதில் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளரான கேப்டன் ஜேக்கப், 1840களில் பூனாவில் சொந்தச் செலவில் 244 இரட்டை நட்சத்திரங்களை அளந்தவர். பிறகு 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். 1855இல், 70 ஒபியூக்கி என்ற ஜோடியின் பாதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். வேறொரு நட்சத்திரத்தின் கோளைப் பற்றி அளவுகளின் அடிப்படையில் எழுந்த முதல் வாதங்களில் ஒன்று அது, எழுந்தது மதராசில். பின்னால் வந்தவர்களின் துல்லியமான அளவுகளில் அந்தக் கோள் நிலைக்கவில்லை. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்துக்குக் கோள் இருப்பது உறுதியாக 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஜேக்கப் தன் எண்களை மறைக்காமல் அச்சில் வைத்தார். அதனால்தான் அவர் தவறு என்று காட்ட முடிந்தது. செல்பேசிக் கதைக்கும் ஜேக்கப்பின் பிழைக்கும் உள்ள வித்தியாசம் அதுவே. ஒன்றைச் சரிபார்க்கலாம். மற்றொன்று சரிபார்க்கக் கூடாது என்பதற்காகவே பரவுகிறது.

இன்று டெல்லியிலோ மும்பையிலோ சென்னையிலோ ராத்திரியில் கல்யாணம் நடந்தாலும் அருந்ததி தெரிவது சந்தேகம். தெருவிளக்கும் விளம்பரப் பலகையும் நான்காம் ஒளித்தர நட்சத்திரங்களை விழுங்கிவிட்டன. நெபுலாக்களும் பால்வீதியும் நகரத்தைவிட்டு எப்போதோ போய்விட்டன. ஆனால் இரட்டை நட்சத்திரங்கள் போகவில்லை. அவை புள்ளிகள், புள்ளியின் ஒளியைத் தொலைநோக்கி குவித்துத் தருகிறது, பின்னணி வெளுப்பு அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. நகரத்துக்காரருக்கு மிச்சமிருக்கும் வானம் இதுதான். அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் இரட்டை நட்சத்திரப் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் உள்ளன. அவற்றில் பல, ஆண்டுக்கணக்கில் யாரும் அளக்காமல் கிடக்கின்றன. உலகெங்கும் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள் அளந்து அனுப்பும் எண்களும் அதில் சேர்கின்றன. வேண்டியது இரண்டே எண்கள்: எத்தனை விகலை, எந்தத் திசை. கூடவே தேதி.

ஆல்பா சென்டாரியின் இரண்டு சூரியன்களும் 2016 வாக்கில் நான்கு விகலைக்கு நெருங்கியிருந்தன. அதற்குப் பின் வந்த பத்தாண்டில் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. ரிஷோ புதுச்சேரியில் பார்த்த பிறகு அவை நான்கு சுற்றை முடித்து, ஐந்தாவதில் இருக்கின்றன. இன்று பத்து வயதில் அதைத் தொலைநோக்கியில் பார்க்கும் சிறுமி, தொண்ணூறு வயதில் மறுபடி பார்த்தால் இரண்டும் அதே இடத்துக்குத் திரும்பியிருக்கும். தேதியோடு எழுதிவைத்திருந்தால் அவளுக்கே அது தெரியும்.